தனியாக முடிக்க முடியாத ஆட்டம்

போக்கிமானின் முதல் பதிப்புக்கு முப்பது ஆண்டுகள்: திருக்கனூர்ச் சிறுவர்களின் தீப்பெட்டிப் பொன்வண்டை முன்வைத்து ஒரு மறுபார்வை

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘போக்கிமான் சிவப்பு’, ‘போக்கிமான் பச்சை’ என்னும் இரண்டு கைக்கருவி ஆட்டங்களும் ஒரே கதையையும் ஒரே நிலப்பரப்பையும் கொண்டிருந்தபோதிலும், ஒன்றில் அகப்படும் சில உயிரினங்கள் மற்றதில் அகப்படாதபடி திட்டமிட்டே பிரிக்கப்பட்டிருந்தமையால், இரண்டில் எதை வாங்கியவரும் தம்மிடம் இல்லாததை வைத்திருக்கும் இன்னொருவரைத் தேடிச் சென்றாக வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள் தன்னளவில் குறைபட்டிருக்கும் என்பதை மறைக்காமலேயே சந்தைக்கு வந்த அந்த ஆட்டத்தை முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்பவருக்கு அதன் படங்கள் மங்கலாகவும் நடை மெதுவாகவும் தோன்றக்கூடும். ஆனால் இந்தக் குறையை வைத்து அது கட்டிய உறவு இன்னும் பழசாகவில்லை.

இதன் பொருளை உணர ஜப்பான்வரை செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி நகருக்கு மேற்கே, நெல்லும் கரும்பும் விளையும் வயல்களுக்கு நடுவே, மண்ணாடிப்பட்டு கொம்யூனில் அமைந்துள்ளது திருக்கனூர். கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து புதுச்சேரியில் வழங்கிவரும் உள்ளாட்சி அலகின் பெயர். தமிழ் நிலத்தின் பிற ஊர்களைப் போலவே சங்கராபரணி ஆற்றையொட்டிய இச்சிற்றூர்களிலும், மழைக்காலத்தில் வேலமரங்களில் வந்தமரும் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, வேலந்தழையை இரையாக இட்டு, முட்டையிட்டிருக்கிறதா என்று நாளுக்குப் பத்து முறை திறந்து பார்ப்பதும், கையில் இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்துக் கோலிகுண்டோ தீப்பெட்டிப் படமோ பெற்றுக்கொள்வதும் சிறுவர் உலகின் எழுதப்படாத பொருளியலாக இருந்துவந்துள்ளன. பிடித்தல், பேணுதல், பெயரிடுதல், ஒப்பிடுதல், மாற்றிக்கொள்ளுதல் என்னும் அந்த ஐந்து செயல்களையும் ஓர் எந்திரத்துக்குள் கொண்டுசேர்த்ததே போக்கிமானின் சாதனை.

குளம் மறைந்த ஊரின் சிறுவன்

ஆட்டத்தை உருவாக்கிய சதோஷி தாஜிரி 1965இல் பிறந்தவர். டோக்கியோவின் மேற்குப் புறநகரான மச்சிடாவில் அவர் வளர்ந்த காலத்தில் அங்கே வயல்களும் ஓடைகளும் காடுகளும் எஞ்சியிருந்தன. பூச்சி பிடிப்பதில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்ட பிற சிறுவர்கள் அவரைப் ‘பூச்சி டாக்டர்’ என்றே அழைத்தனர். மற்றவர்கள் வண்டுகளைக் கவர மரப்பட்டையில் தேன் தடவிக்கொண்டிருந்தபோது, பகலில் வண்டுகள் கல்லுக்கடியில் உறங்க விரும்புவதைக் கவனித்திருந்த தாஜிரி, மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் பின்னர் வந்து புரட்டிப் பார்க்கும் முறையைக் கையாண்டதாகப் பிற்காலத்தில் ஒரு நேர்காணலில் கூறியுள்ளார். நகரம் விரிந்தபோது அந்த நிலப்பரப்பு கட்டடங்களால் மூடப்பட்டது. அவர் மீன்பிடித்த குளம் இருந்த இடத்தில், காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கூடம் வந்தது. பூச்சிகளை இழந்த சிறுவன் அந்தக் கூடத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தான் என்பது அவருடைய வாழ்க்கையின் திருப்பம்.

1983இல் ‘கேம் ஃப்ரீக்’ என்னும் பெயரில், கையால் எழுதிப் படியெடுத்துப் பின்னடித்த சிற்றிதழ் ஒன்றைத் தாஜிரி தொடங்கினார். அதன் வாசகராக வந்து ஓவியராக இணைந்த கென் சுகிமோரி, பின்னாளில் போக்கிமான் உயிரினங்களின் உருவங்களை வரைந்தவர். தமிழ்ச் சிற்றிதழ் மரபில் எழுத்தாளர் குழுக்கள் உருவானதைப் போல, விமர்சனம் எழுதத் தொடங்கிய இக்குழு மெல்ல மெல்லப் படைப்பாளர் குழுவாக மாறி, 1989 ஏப்ரலில் அதே பெயரில் நிறுவனமானது. அதே மாதம் 21ஆம் நாள் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்னும் கைக்கருவியை ஜப்பானில் வெளியிட்டிருந்தது. இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பிவடம் அப்போது பெரும்பாலும் இருவர் எதிரெதிரே போட்டியிடவே பயன்பட்டது. அந்தக் கம்பியின் வழியே பூச்சிகள் ஊர்ந்து ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதாகத் தாஜிரி கற்பனை செய்ததே ஆட்டத்தின் கரு.

காசு போட்டுத் திருகினால் பொம்மை அடங்கிய உருண்டை வெளிவரும் ஜப்பானிய எந்திரங்களின் நினைவில் ‘கேப்சூல் மான்ஸ்டர்ஸ்’ என்று முதலில் பெயரிடப்பட்ட அத்திட்டம் நிறைவேற ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் பணமுடை நேர்ந்தது. ஊழியர் சிலர் விலகினர். வேறு ஆட்டங்களைச் செய்து கொடுத்தே நிறுவனம் தன்னைக் காத்துக்கொண்டது.

நான்கு சாயல்களில் ஓர் உலகம்

குன்பெய் யோகோயின் குழு வடிவமைத்த கேம் பாய், வெளியானபோதே பழையதாகிவிட்டிருந்த, ஆகவே மலிவாகவும் நம்பகமாகவும் கிடைத்த தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவது என்னும் கொள்கையின் விளைவு. நான்கு பென்சில் பேட்டரிகளில் பல மணி நேரம் ஓடிய அதன் திரையில் அகலவாட்டில் 160, உயரவாட்டில் 144 புள்ளிகளும், வெளுப்பிலிருந்து கருமைவரை நான்கே நான்கு சாயல்களும் இருந்தன. ஜப்பானியப் பதிப்பின் ஆட்டப் பெட்டி, அதாவது கருவியின் பின்புறம் செருகும் நினைவகச் சில்லு, 512 கிலோபைட் கொள்ளளவு உடையது; இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படத்துக்கே அதைவிடக் கூடுதலான இடம் தேவைப்படும்.

அந்தச் சிற்றிடத்துக்குள் ஊர்கள், காடுகள், குகைகள், கடல்வழிகள், 8 பயிற்சிக் கூடங்கள், அவற்றுக்குப் பின் நால்வர் அணி என்னும் இறுதிச் சோதனை ஆகியவை அடக்கப்பட்டிருந்தன. ஆடுபவர் ஒரு சிறுவனின் பாத்திரத்தை ஏற்று, அவன் வழியாகவே உலகைக் கண்டு, அவன் வளர வளரத் தாமும் முன்னேறுவதால் இவ்வகை ‘பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்’ எனப்படுகிறது. உயரப் புற்களுக்குள் நடக்கையில் காட்டுயிர் எதிர்ப்படும்; தன்னிடமுள்ள உயிரினத்தைக் கொண்டு அதைத் தளர்த்தி, பந்து வடிவக் கூண்டை எறிந்து பிடிக்க வேண்டும். உடன் அழைத்துச் செல்லத்தக்கவை ஆறு. ஒவ்வொன்றும் அறிந்திருக்கத்தக்க தாக்குதல்கள் நான்கு. நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும், நீர் நெருப்பை வெல்லும் என்பதில் தொடங்கி 15 வகைகளுக்கு இடையே பின்னப்பட்ட வெற்றி தோல்வி உறவுகளை நினைவில் வைத்திருப்பவரே முன்னேற முடியும். எந்த ஒன்றும் எல்லாவற்றையும் வெல்லாது என்னும் இந்த விதி, வலிமை மிக்க ஒன்றை மட்டும் வளர்ப்பதைவிடப் பலவற்றைச் சேர்ப்பதையே அறிவுடைய செயலாக்குகிறது.

நூற்று ஐம்பத்தொன்றின் நிகண்டு

பிடித்த உயிரினங்களின் படம், உயரம், எடை, இயல்பு ஆகியவற்றைத் தானே பதிந்துகொள்ளும் மின் ஏடு ஒன்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சிறுவன் கையில் தரப்படுகிறது. தமிழ் வாசகருக்கு இந்த ஏடு அயலானதன்று. விலங்கின் பெயர்களுக்கெனத் தனித் தொகுதி வகுத்த திவாகர நிகண்டும், பறழ், குருளை, மறி எனக் குட்டிகளின் பெயர்களை எந்த விலங்குக்கு எது உரியது என்று வரையறுத்த தொல்காப்பிய மரபியலும், நிலத்துக்கு நிலம் விலங்கையும் பறவையையும் மரத்தையும் கருப்பொருளாகப் பிரித்த திணைக் கோட்பாடும் செய்தது இதே வேலையைத்தான். எந்த உயிர் எந்த நிலத்தில் வாழும் என்று அறிந்தவனுக்கே அது அகப்படும் என்பதால், குகைக்கு உரியதைக் கடலிலும் கடலுக்கு உரியதைக் காட்டிலும் தேடாமலிருக்கப் பழகுவது ஆட்டத்தின் முதல் பாடம்.

தாஜிரியின் பூச்சிப் பருவம் ஆட்டத்தின் முதல் காட்டில் வெளிப்படையாகவே தெரிகிறது. வலையேந்திய சிறுவர்கள் நிற்கும் அக்காட்டில் அகப்படும் காட்டர்பி என்னும் புழு, 7ஆம் நிலையில் மெட்டாபாட் என்னும் கூட்டுப்புழுவாகவும், 10ஆம் நிலையில் பட்டர்ஃப்ரீ என்னும் பட்டாம்பூச்சியாகவும் மாறுகிறது. ஆட்டம் இம்மாற்றத்தைப் பரிணாமம் என்றே அழைத்தாலும், பரிணாமம் பல தலைமுறைகளில் ஓர் இனத்துக்கு நேர்வது. ஓர் உயிர் தன் வாழ்நாளுக்குள் வடிவம் மாறுவது உருமாற்றம். அறிவியல் நோக்கில் பிழையான அச்சொல், கூட்டுப்புழுவின் பொறுமையை ஒரு குழந்தையின் கண்ணால் பார்க்கும்போது பொருத்தமாகவே படுகிறது. எதுவும் செய்ய இயலாமல் உடலை இறுக்கிக்கொண்டு அடிவாங்கும் மெட்டாபாட்டைக் கைவிடாதவருக்கே சிறகு கிடைக்கிறது.

திருக்கனூர் வட்டாரத்தோடு இந்த நிகண்டுக்கு எதிர்பாராத ஓர் உறவும் உண்டு. ஆட்டத்தில் 138ஆம் எண்ணைப் பெற்ற ஓமனைட், சுருள் ஓடுடைய அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரியை மாதிரியாகக் கொண்டது. மலைக்குகையில் கிடைக்கும் சுருள்வடிவப் புதைபடிவத்திலிருந்து, அதாவது கல்லாகிப்போன உடலெச்சத்திலிருந்து, ஆய்வகத்தில் அதை உயிர்ப்பிக்க வேண்டும். திருக்கனூருக்கு அருகேயுள்ள வழுதாவூரின் பெயரைத் தாங்கிய பாறை அடுக்கு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கிரேட்டேசியஸ் காலத்தின் கடைப்பகுதியில் இப்பகுதி கடலடியாக இருந்தபோது படிந்தது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கேய், கன்லிஃப் ஆகிய இருவர் திரட்டிய அம்மோனைட் உள்ளிட்ட படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதியதிலிருந்து உலகப் புவியியல் இலக்கியத்தில் இந்த வட்டாரம் இடம்பெற்றுள்ளது. சங்கராபரணிக் கரையிலேயே உள்ள திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. ஆட்டத்தில் ஆய்வகம் தேடிப் போக வேண்டிய சிறுவன் இங்கே ஆற்றங்கரைக்குப் போனால் போதும்.

கொடுத்தால்தான் கிடைக்கும்

ஒவ்வொரு பெட்டியிலும் வெவ்வேறு உலகம் அமைய வேண்டும் என்று திட்டமிட்டு, அந்த வேறுபாட்டை ஆடுபவருக்குத் தரப்படும் அடையாள எண்ணில் மறைத்துவைக்கலாம் என்று முதலில் எண்ணப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு வாங்குபவருக்குப் புரியாது, நிறத்தாலேயே பிரித்துக் காட்டுங்கள் என்று வழிகாட்டியவர் நின்டெண்டோவின் மூத்த வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோதோ. அதன் பயனாகச் சிவப்பில் மட்டும் 11, அதன் இணைப்பதிப்பில் மட்டும் 11 என்று உயிரினங்கள் பிரிந்தன. இது முதல் பூட்டு மட்டுமே. தொடக்கத்தில் மூன்றில் ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் போய்விடும்; குகையில் கிடைக்கும் இரண்டு படிவங்களில் ஒன்றை எடுத்தால் மற்றது எதிராளிக்கு; ஈவீ என்னும் உயிரினம் ஒன்றே ஒன்று கிடைக்கும், அது மூன்று வடிவங்களில் ஏதேனும் ஒன்றாகவே மாறும்; கடாப்ரா, மச்சோக், கிராவெலர், ஹான்டர் ஆகிய நான்கும் கம்பிவழியே இன்னொருவர் கருவிக்குச் சென்றால் மட்டுமே அடுத்த வடிவை அடையும். கணக்கிட்டுப் பார்த்தால், ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து அழித்து ஆடாமல் ஏட்டை நிறைவுசெய்யக் குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

பரிமாற்றத்தின் அறமும் விதிகளாக எழுதப்பட்டிருந்தது. வாங்கிய உயிரினம் முதலில் அதைப் பிடித்தவரின் பெயரையும் எண்ணையும் என்றும் சுமந்திருக்கும். பிறரிடமிருந்து வந்தது ஒன்றரை மடங்கு வேகமாக வளரும். எனினும் அதன் வலிமைக்கு ஏற்ற தகுதிச் சின்னங்களைப் பயிற்சிக் கூடங்களில் வென்றிராதவரின் சொல்லுக்கு அது கட்டுப்படாது. தாய்வீட்டு அடையாளத்தோடு வரும் மருமகளுக்கும், தகுதியில்லாத தலைமைக்குப் பணியாத வேலையாளுக்கும் தமிழ்ச் சமூகத்தில் சொல்லப்பட்டுவரும் நியாயங்களை இவ்விதிகளில் அடையாளம் காணலாம்.

150இல் நிற்க வேண்டிய ஏட்டை 151 ஆக்கியது ஒரு குறும்பு. பணி முடியும் தறுவாயில், பிழைதேடும் கருவிகளை நீக்கியதால் சில்லில் சுமார் 300 பைட் இடம் மிஞ்சியபோது, நிரலாளர் ஷிகெகி மோரிமோதோ அதற்குள் மியூ என்னும் உயிரினத்தைச் சத்தமின்றிச் சேர்த்தார். 1996இல் கோரோகோரோ என்னும் சிறுவர் இதழ் அதனை 20 வாசகர்களுக்குப் பரிசளிப்பதாக அறிவித்தபோது ஏறத்தாழ 78,000 பேர் விண்ணப்பித்தனர். மிதமாகத் தொடங்கிய விற்பனை ஏறியது. உலகெங்கும் முதல் தலைமுறைப் பதிப்புகள் 3 கோடிக்கு மேல் விற்றன.

பிழைகளும் செவிவழிக் கதைகளும்

மறுபார்வை என்பது புகழ்ச்சி மட்டுமாக இருக்க இயலாது. மனோசக்தி வகை ஆவிகளுக்கு அஞ்சும் என்று ஆட்டத்துக்குள் ஒரு பாத்திரமே சொல்ல, நிரலில் நேர்ந்த பிழையால் ஆவித் தாக்குதல் அவ்வகையைத் தீண்டுவதேயில்லை. விளைவாக அவ்வகை ஏறத்தாழ வெல்ல முடியாததாகி, ஆட்டத்தின் சமநிலையைக் குலைத்தது. நூற்றுக்கு நூறு துல்லியம் தரப்பட்ட தாக்குதல்களும் 256இல் ஒரு முறை தவறின. 0 முதல் 255 வரை கருவி தேர்ந்தெடுக்கும் எண் 255ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதியதால், 255 வரும்போது மட்டும் குறி பிழைத்தது.

இவற்றுள் புகழ்பெற்றது ஆங்கிலப் பதிப்பின் மிஸ்ஸிங்நோ. பிடிக்கும் முறையைக் கற்றுத்தரும் கிழவரின் பெயரைத் திரையில் காட்டுவதற்காக, ஆடுபவரின் பெயரைக் கருவி தற்காலிகமாகக் காட்டுயிர்ப் பட்டியலுக்குரிய நினைவிடத்தில் ஒதுக்கிவைக்கும். உடனே குறிப்பிட்ட ஒரு தீவின் கிழக்குக் கரைக்குப் பறந்து நீந்தினால், அந்தக் கரைக்கெனப் பட்டியல் இல்லாததால் பெயரின் எழுத்துகளையே உயிரினங்களாகக் கருவி படித்துவிடும். சிதைந்த கட்டம் போன்ற உருவம் எழும்; பையில் ஆறாவதாக உள்ள பொருள் 128 பெருகும். வாய்வழியே பரவிய இந்தச் சூத்திரம், புளியமரத்துப் பேய்க் கதையைப் போல ஒவ்வொரு பள்ளியிலும் சற்றே மாறி வழங்கியது. பேய்க் கதையைப் போலன்றி இது செய்துபார்த்தால் பலித்தது.

இன்று திரும்பி ஆடுபவர் காண்பது

இந்தியச் சிற்றூர்ச் சந்தைகளைக் கேம் பாய் பெரும்பாலும் எட்டவில்லை. இங்கே சிறுவர் கைகளில் தவழ்ந்தது கட்டைகளை அடுக்கும் பிரிக் கேம். போக்கிமான் வந்துசேர்ந்தது 2000-களின் தொடக்கத்தில், தொலைக்காட்சித் தொடராகவும், நொறுக்குத்தீனிப் பொட்டலங்களுக்குள் கிடைத்த டாசோ என்னும் வட்ட வில்லைகளாகவும்தான். ஆட்டம் தெரியாமலேயே அதன் உயிரினங்களைச் சேர்த்து மாற்றிக்கொண்ட அத்தலைமுறை, பின்னாளில் எமுலேட்டர் வழியாக மூல ஆட்டத்தைக் கண்டடைந்தது. பழைய கருவியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். மகனுக்குப் பின் தந்தையைச் சந்திப்பது போன்ற இந்தத் தலைகீழ் வரிசையால், இங்கு மறுபார்வை என்பது பலருக்கும் முதல் பார்வையே.

அவ்வாறு வருபவரைச் சில அலுப்புகள் சோதிக்கும். பை 20 வகைப் பொருள்களோடு நிறைந்துவிடும். ஆங்கிலப் பதிப்பின் 12 சேமிப்புப் பெட்டிகளில் ஒவ்வொன்றும் 20 உயிர்களை மட்டுமே ஏற்கும், நிறைந்த பெட்டியை மாற்ற மறந்தவரால் மேற்கொண்டு எதையும் பிடிக்க இயலாது. பழைய பெட்டியையே விலைக்கு வாங்கியவர், சேமித்த ஆட்டத்தை நினைவில் நிறுத்தும் பட்டன் செல் தீர்ந்துபோய், முந்தைய உரிமையாளரின் படை முழுவதும் அழிந்திருப்பதைக் காண்பார். எமுலேட்டரோ வேகத்தைக் கூட்டவும் எந்த நொடியிலும் சேமிக்கவும் இடம் தருகிறது. பதிப்புரிமைச் சிக்கல் ஒருபுறமிருக்க, கம்பியையும் அதன் மறுமுனையில் இருந்த மனிதரையும் அது பெரும்பாலும் இல்லாமலாக்கிவிடுகிறது. 2004, 2018 ஆண்டுகளின் மறுஆக்கங்கள் நிறமும் வசதியும் சேர்த்தன. 2016இல் கம்பியில்லாப் பரிமாற்றத்தோடு நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவிக்கு மூலப் பதிப்பே வந்தது, 2023இல் அதன் இணையக் கடை மூடப்பட்டது. 2016 டிசம்பரில் இந்தியாவில் முறையாக வெளியான போக்கிமான் கோ, உயிரினங்களைத் தெருவுக்கே கொண்டுவந்தபோதிலும், பரிமாற்றத்தை 2018இல்தான் சேர்த்தது. அதுவும் இருவரும் அருகருகே இருந்தால் மட்டுமே செல்லும் என்று வரையறுத்ததில் பழைய கம்பியின் நினைவு இருக்கிறது. 2014இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் ஒரே ஆட்டத்தை ஒரே நேரத்தில் இயக்கி 16 நாள்களில் முடித்ததும், வழியில் கிடைத்த சுருள் படிவத்தை விளையாட்டாகத் தெய்வமாக்கியதும், இந்த ஆட்டத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்வது தற்செயலன்று என்பதற்குச் சான்று.

ஆகவே சிவப்பையோ அதன் இணைப்பதிப்பையோ இன்று எடுக்க விரும்புபவருக்குச் சொல்லத்தக்கது ஒன்றே: அக்காவோ தம்பியோ அடுத்த வீட்டுப் பிள்ளையோ, யாரேனும் ஒருவரையாவது மற்ற பதிப்போடு உடன் சேர்த்துக்கொண்டு தொடங்க வேண்டும், தனியாக ஆடி நால்வர் அணியை வென்றவர் கதையை முடித்தவரே தவிர, ஏட்டை முடித்தவராகார்.

மச்சிடாவின் குளம் போனதால் பிறந்த ஆட்டம் இது. மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஏரிகள் இன்னும் இருக்கின்றன; அவற்றில் ஊசுடு ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பொன்வண்டு மரத்தடி மண்ணில் முட்டையிடும் பூச்சி. அதன் புழுக்கள் மண்ணுக்குள் வேர்களைத் தின்று வளர்பவை. தீப்பெட்டியில் இடப்பட்ட முட்டை எத்தனை நாள் காத்திருந்தாலும் வண்டாவதில்லை. பிடித்ததைப் பார்த்து மகிழ்ந்த பின், பிடித்த வேலமரத்திலேயே அதை விட்டுவிட வேண்டும்.